எது உபரி?: சிறிய விசைப்பலகையும் ஐந்து தமிழ் எழுத்துகளும்

விசைப்பலகையைத் தானே கட்டிக்கொள்கிறவர்கள் மத்தியில் அளவு சதவீதத்தில் பேசப்படுகிறது. 75, 65, 60, 40. ஒரு பலகை '60' என்றால் வலது ஓரத்து எண்திட்டு கிடையாது, அம்புக்குறிகள் கிடையாது, உச்சியில் வரிசை கட்டி நிற்கும் எஃப்-விசைகள் கிடையாது. சுமார் 61 விசைகள் மிஞ்சும். '40' என்றால் எண் வரிசையும் போய்விடும். எதில் 60, எதில் 40 என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. நூறு என்று இங்கே ஒப்புக்கொள்ளப்பட்டிருப்பது 104 விசைகள் கொண்ட அமெரிக்கப் பலகை. அதை முழுமை என்று வைத்துக்கொண்ட பிறகுதான் குறைப்பது பற்றிய சொல்லாடலே தொடங்குகிறது.

எது தேவை, எது உபரி என்று தீர்மானிக்கிற அதிகாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்வியைப் பிரதிகளிடமும் அரசிடமும் கேட்டுப் பழகியிருக்கிறோம். தினமும் பத்து விரலும் படுகிற ஒரு சாதனத்திடம் கேட்டதில்லை. நான் கேட்கும்படி ஆனது தற்செயல். 42 விசைகள் கொண்ட பலகை ஒன்றை நானே பற்றவைத்துக் கட்டி முடித்தேன். கணினியில் செருகி, முதல் காரியமாக ஒரு கூட்டத்துக்கான துண்டறிக்கையை அடிக்க உட்கார்ந்தேன். 'பஞ்சமி நிலம்' என்று தொடங்கவேண்டும். ப விழுந்தது. ஞ-வுக்குப் போன சுண்டுவிரல் பலகைக்கு வெளியே வெறும் மேசையைத் தட்டியது. ச-வுக்குப் போன விரல், ஏற்கெனவே விழுந்திருந்த ப-வை அழித்தது. கடைசியில் திரையில் நின்றது 'மி நிலம்'.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போக முடியவில்லை. என்ன நடந்தது என்பதை விளக்க, இந்தச் சாமானை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது கார்னே என்ற வடிவம். ஜப்பானிய வடிவமைப்பாளர் ஒருவர் செய்தது. சர்க்யூட் போர்டின் வரைபடம் முழுவதும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாக வெட்டிய பலகை, கைக்கு ஒரு பாதி. ஒவ்வொரு பாதியிலும் ஆறு விசை கொண்ட மூன்று வரிசை, கீழே கட்டைவிரலுக்கு மூன்று விசை. பாதிக்கு 21, ஆக மொத்தம் 42. வேண்டிய சாமான்கள்: போர்டு, 42 டையோடு, 42 சுவிட்ச், பாதிக்கு ஒரு சின்ன மைக்ரோ கண்ட்ரோலர், இரண்டையும் இணைக்க ஆடியோ ஜாக் போன்ற ஒரு கேபிள், மேலே போட கீகேப்கள்.

டையோடு எதற்கு? ஒரு பாதியின் 21 விசைக்கும் தனித்தனிக் கம்பி இழுக்குமளவு அந்தக் குட்டி போர்டில் கால்கள் கிடையாது. ஆகவே விசைகளைக் கிடையாக நான்கு, நெடுக்காக ஆறு என்று வலைபோலப் பின்னுகிறார்கள்; பத்துக் காலில் காரியம் முடிந்துவிடும். சிப் ஒவ்வொரு வரிசையாக, கண்ணிமைக்கும் நேரத்தில் பலமுறை, 'யார் அழுத்தப்பட்டிருக்கிறீர்கள்?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. மூன்று விசையை ஒன்றாக அழுத்தினால் மின்சாரம் பின்பக்கமாகப் புகுந்து, தொடாத நான்காவது விசையும் அழுத்தப்பட்டதாகப் பொய் சொல்லும். ஒருவழிப்பாதை போட்டு அந்தப் பொய்யைத் தடுக்கிறது டையோடு. அதன் ஒரு முனையில் கறுப்புக் கோடு இருக்கும். அந்தப் பக்கம் பார்த்து வைக்கவேண்டும். எனக்கு இரண்டு விசை வேலை செய்யவில்லை. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நண்பர் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரே பார்வை பார்த்தார்.

"தோழர், ரெண்டு டையோடத் திருப்பிப் போட்டிருக்கீங்க. கோட்டப் பாக்கலியா?"

எடுத்து மாற்றிக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "ஒரு மாச வாடகையக் கொண்டுபோய் இதுல கொட்டியிருக்கீங்க. கடையில விக்கிறத விட இதுல என்ன தோழர் கூட வருது?"

கூட ஒன்றும் வராது, குறைத்துக்கொள்ளத்தான் இவ்வளவும் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

இந்தப் பொழுதுபோக்கு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது ஒரு விடுதலைக் கதையாடல். நுகர்வோன் உற்பத்தியாளன் ஆகிறான், அந்நியமாதல் நீங்குகிறது, பொருள் உன்னுடையதாகிறது. பாதி உண்மை. பற்றவைப்பு இரும்பின் புகையில் அரை நாள் உட்கார்ந்தால், விசையை அழுத்துவதற்கும் எழுத்து வருவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது விரல் வழியாகப் புரிகிறது. இந்த அறிவைப் புத்தகம் தருவதில்லை, அதை மறுக்கமாட்டேன். மறுபாதி வேறு. நான் செய்தது கோர்ப்பு வேலை. சுவிட்சின் உள்ளே இருக்கிற சுருள்வில்லும் செம்புத் தகடும் தென்சீனத்தின் குவாங்டோங் மாகாணத்துத் தொழிற்சாலைகளில் யார் கையாலோ வார்க்கப்பட்டு வந்தவை. ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்சின் காப்புரிமை காலாவதியான பிறகுதான் அங்கே இத்தனை நகல்கள், இத்தனை நிறங்கள் முளைத்தன. 'நானே செய்தது' என்று சொல்லும்போது அந்தக் கைகள் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகின்றன. சரக்கின் மாயையைப் பற்றி மார்க்ஸ் சொன்னது சரக்கை விலைக்கு வாங்குகிறவனுக்கு மட்டும் பொருந்துவதில்லை; வாங்கிக் கோர்க்கிறவனுக்கு இன்னும் அழுத்தமாகவே பொருந்துகிறது.

மாயை கெட்டியாகப் படிந்திருப்பது ஒலியில். சுவிட்சைத் திறந்து, உள்ளே மெல்லிய தூரிகையால் மசகு தடவி, சுருள்வில்லை எண்ணெயில் முக்கி, பெட்டிக்குள் நுரைப்பஞ்சு வைத்து, அழுத்தும்போது ஆழமாக 'தொக்' என்று கேட்கும்படி செய்கிறார்கள். இதற்கு வாரக்கணக்கில் மெனக்கெடுகிறவர்கள் உண்டு. மதராஸிலோ மதுரையிலோ ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடிக்குக் கீழே குடியிருந்தவர்களிடம் இந்த ஒலியின் இன்பத்தைப் பற்றிக் கேட்கவேண்டும். விடியற்காலை ஆறு மணிக்கு ஏ-எஸ்-டி-எஃப் தொடங்கிவிடும். அந்த ஒலி வேலைக்காகக் காத்திருந்தவர்களின் ஒலி. பெரும்பாலும் பெண்கள், குமாஸ்தா வேலையோ, கோர்ட்டு வாசலில் மனு அடிக்கிற வேலையோ கிடைக்காதா என்று பரீட்சைக்குத் தயாரானவர்கள். கிட்லர் 1986இல் வெளிவந்த தன் நூலில் கவனப்படுத்துகிற விஷயம் இது: ஆங்கிலத்தில் 'டைப்ரைட்டர்' என்ற சொல் ஒரு காலத்தில் இயந்திரத்தையும் குறித்தது, அதன் முன் உட்கார்ந்த பெண்ணையும் குறித்தது. உழைப்பின் ஒலி உழைப்பிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, மசகு தடவப்பட்டு, ரசனைப் பொருளாகி நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது.

கீகேப்களிலும் இதே கதை. ஆங்கில எழுத்தின் ஓரத்தில் சின்னதாக ஜப்பானியக் கனா எழுத்து பொறித்த தொகுதிகள் விலை போகின்றன. வாங்குகிறவர்களில் பலருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். எழுத்து அலங்காரமாக உள்ளே வரலாம். எழுத்தாக வரும்போதுதான் இடம் இல்லை என்று சொல்லப்படுகிறது.

ஆனால் குறைப்பை வெறும் மோஸ்தர் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. அதற்கு உடல் சார்ந்த நியாயம் ஒன்று இருக்கிறது. விசைகள் மேல்வரிசைக்குக் கீழ்வரிசை சற்றே விலகிச் சாய்ந்து நிற்பது எதனால்? 1870களில் ரெமிங்டன் தட்டச்சுப்பொறியின் அடியில் ஒவ்வொரு விசையிலிருந்தும் ஒரு நெம்புகோல் போகவேண்டியிருந்தது. ஒன்றின்மேல் ஒன்று இடிக்காமல் இருக்க விசைகளைச் சாய்த்து வைத்தார்கள். நெம்புகோல் போய்ப் பல தலைமுறை ஆயிற்று. சாய்வு போகவில்லை. மணிக்கட்டு அந்த இல்லாத நெம்புகோலுக்காக இன்றும் வளைந்துகொண்டிருக்கிறது. கையிலேயே வலுவான விரல் கட்டைவிரல். அதற்குக் கொடுக்கப்பட்டது இடைவெளி விசை ஒன்றுதான். மிக நோஞ்சானான வலது சுண்டுவிரல் தலையில் பத்துப் பன்னிரண்டு விசை. எழுதப் பழக்குவதே உடலுக்கு இடப்படும் ஒழுங்கு என்று ஃபூக்கோ காட்டினார், பள்ளிக்கூடத்துக் கையெழுத்துப் பயிற்சியை வைத்து. விசைப்பலகையில் அந்த ஒழுங்கு செத்துப்போன ஓர் இயந்திரத்தின் ஒழுங்கு.

இதன் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதும் பதிவாகியிருக்கிறது. 1980களில் ஆஸ்திரேலியாவில் நாள் முழுக்க விசை தட்டும் வேலை பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் கைவலியால் முடங்கினார்கள். அங்கேயும் பெரும்பகுதி பெண்கள். வலி மனசில் இருக்கிறது என்றும், நஷ்டஈட்டுக்கு நடிக்கிறார்கள் என்றும் சொல்ல மருத்துவர்கள் முன்வந்தார்கள். இரண்டாகப் பிரித்த பலகை, நேராக நிற்கும் நெடுவரிசை, கட்டைவிரலுக்குக் கூடுதல் வேலை, விரல் ஒரு விசைக்கு மேல் நகரவேண்டாத அளவு சிறிய பரப்பு: இவையெல்லாம் அந்த வலிக்குச் சொல்லப்பட்ட பதில்கள். எனக்கும் வலது மணிக்கட்டு போய்த்தான் இந்தப் பக்கம் வந்தேன். வலி குறைந்திருக்கிறது.

1996இல் ஜப்பானின் பிஎஃப்யு நிறுவனம் 60 விசை கொண்ட 'ஹாப்பி ஹாக்கிங்' பலகையை வெளியிட்டது. அதன் பின்னால் இருந்த கணினிப் பேராசிரியர் வாதா எயிட்டி ஓர் உவமை சொன்னார். இந்த வட்டாரத்தில் வேதவாக்கு மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அமெரிக்க மாட்டுக்காரன் குதிரை செத்தால் அங்கேயே விட்டுவிடுவான், சேணத்தை மட்டும் சுமந்துகொண்டு வருவான். கணினி குதிரை, விசைப்பலகை சேணம் என்கிறார். அழகான உவமைதான். ஆனால் சேணம் ஒரு குறிப்பிட்ட மிருகத்தின் முதுகுக்கு அளவெடுத்துத் தைக்கப்படுவது. அதை மாட்டிடம் கொண்டுபோனால் உட்காராது. நம் கையில் இருப்பது எந்த முதுகுக்கு அளவெடுத்த சேணம்?

அந்த ச-வுக்கு வருவோம்.

நான் அடிப்பது தமிழ்99 முறையில். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தளக்கோலம். இடது கை உயிர், வலது கை பெரும்பாலும் மெய். அ, இ, உ மூன்றும் இடது கையின் இருப்பு வரிசையில். அவற்றின் நேர் மேலே ஆ, ஈ, ஊ. குறிலுக்கு மேல் நெடில். க-வை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானே விழுந்து 'க்க' ஆகும். ங-வை அடுத்து க வந்தாலும், ஞ-வை அடுத்து ச வந்தாலும் அப்படித்தான். தமிழின் ஒலி எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை.

இப்போது எண்ணிப் பாருங்கள். உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18. ஆக 31. ஆங்கிலத்துக்கு 26. மிச்சம் 5 எழுத்தை எங்கே வைப்பது? ஆங்கிலப் பலகையில் எழுத்து இல்லாத, நிறுத்தற்குறிகளுக்கென்று ஒதுக்கிய விசைகளில் வைத்தார்கள். வேறு இடம் கிடையாது. அரைப்புள்ளி விசையில் ந. மேற்கோள்குறி விசையில் ய. சாய்கோட்டில் ழ. இரண்டு சதுர அடைப்புக்குறிகளில் ச, ஞ. ஐந்தும் வலது ஓரத்தில், அதாவது அந்த நோஞ்சான் சுண்டுவிரலின் பாட்டில்.

பலகையைச் சிறிதாக்குகிறவன் எதில் கை வைப்பான்? எழுத்தில் வைக்கமாட்டான். எண்ணில் வைப்பான், குறியில் வைப்பான். 'சதுர அடைப்புக்குறி எத்தனை தடவை வருது?' என்பது ஆங்கிலத்தில் நியாயமான கேள்வி. ஆகவே 42 விசைக்கு இறங்கும்போது முதலில் காலியாவது ச-வும் ஞ-வும். பி-எழுத்துக்கு வலப்பக்கம், ச இருக்கவேண்டிய இடத்தில், கார்னேயின் தயார்நிலை அமைப்பு அழிக்கும் விசையை உட்கார்த்தியிருக்கிறது. அதற்கும் அந்தண்டை ஞ-வின் இடத்தில் பலகையே இல்லை. இன்னும் குறைத்து 36 விசைக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே ய-வும் போய்விடும். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை இது. தமிழ் என்று ஒரு மொழி இருப்பதை வடிவமைத்தவர் நினைத்துப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் இருந்ததுதான் இதில் கவனிக்கவேண்டியது. மையம் விளிம்பை ஒடுக்க எப்போதும் கையை ஓங்குவதில்லை. 'குப்பையைக் கூட்டிட்டேன்' என்று சுத்தமான மனசோடு சொல்லிவிட்டுப் போகும்.

எழுத்துகள் முழுக்கக் காணாமல் போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறிய பலகைகளில் 'அடுக்கு' உண்டு. கட்டைவிரலால் ஒரு விசையைப் பிடித்துக்கொண்டால் அதே விசைகள் வேறு பொருள் கொள்ளும்: எண், குறி, அம்பு. ச-வும் ஞ-வும் அந்த இரண்டாம் அடுக்கில் குறியீடுகளுக்கு நடுவே கிடக்கின்றன. ஆங்கிலத்தின் 26 எழுத்தும் மேல்தளத்தில். தமிழின் 2 எழுத்து கீழ்த்தளத்தில். 'பஞ்சமி' என்று எழுத நடுவில் ஒருமுறை கீழே இறங்கி ஏறவேண்டும். சகித்துக்கொள்ளலாம் என்பார்கள். சகித்துக்கொள்ளலாம்தான். நம்மிடம் எப்போதும் கேட்கப்படுவது அதுதானே.

அப்போது நண்பர் ஒருவர் சொன்ன யோசனை: "எதுக்கு இந்த வம்பு? இங்கிலீஷ் எழுத்துலயே அடிச்சா தமிழாயிடுமே." உண்மை. ஒலிபெயர்ப்பு முறையில் அடித்தால் 26 எழுத்து போதும், எத்தனை சின்னப் பலகையும் போதும். இதைப் படிக்கிறவர்களில் கணிசமானவர்கள் அப்படி அடிப்பவர்களாகத்தான் இருப்பீர்கள். நானும் பல வருஷம் அடித்தேன். குற்றம் சாட்ட எனக்கு அருகதை இல்லை. ஆனால் அங்கே என்ன நடக்கிறது? ந, ன, ண மூன்றும் ஓர் ஆங்கில எழுத்தின் சின்னது, பெரியது, பக்கத்து வீட்டுக்காரன் என்று ஆகின்றன. மனசில் தமிழ்ச் சொல், அது ரோமன் எழுத்தாக உடைந்து, விரலில் இறங்கி, மறுபடி தமிழாகக் கூடுகிறது. கையை விட்டு எழுத்து பிடுங்கப்படுவதைப் பற்றி ஹைடெக்கர் 1942-43 சொற்பொழிவுகளில் தட்டச்சுப்பொறியை முன்வைத்துப் புலம்பினார். அவருடைய புலம்பலில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை, அது கையெழுத்தைப் புனிதமாக்குகிற புலம்பல். ஆனால் அவர் கண்ணில் பட்டது தன் எழுத்து இயந்திரமயமாவது மட்டும். நம்முடையது முதலில் இன்னொருவர் எழுத்தாகி, பிறகு இயந்திரமயமாகிறது. சிறிய பலகை இந்த வழியைக் கட்டாயப்படுத்துவதில்லை. மற்ற வழியைக் கொஞ்சம் கடினமாக்குகிறது, அவ்வளவு. பெரும்பாலான கட்டாயங்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன.

குறைப்பது என்றாலே அந்நியச் சதி என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. நம் வரலாற்றிலேயே குறைப்பு உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, ஆங்கிலத் தட்டச்சுப்பொறியின் சொற்ப விசைகளுக்குள் 247 எழுத்தையும் கொண்டுவரவேண்டியிருந்தது. எல்லாவற்றையும் வைக்க முடியாது. புள்ளியைத் தனி விசையாக்கி, அதை அடித்தால் தாள் நகராமல் நிற்கும்படி செய்தார். புள்ளி முதலில் விழும், அதன் கீழே க வந்து உட்காரும். எழுதும் வரிசை தலைகீழாகிறது, ஆனால் 18 மெய்க்கும் ஒரே புள்ளி போதுமாகிறது. பெரியார் 1935இல் குடியரசில் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தமும் ஒரு குறைப்புதான். ணா, றா, னா, லை, ளை போன்றவற்றுக்கு இருந்த தனி வடிவங்களை உபரி என்று சொல்லி நீக்கினார். அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிது என்பது அவர் தரப்பு வாதங்களில் ஒன்று. 1978இல் அரசு ஆணையாகி, இன்று அந்தப் பழைய யானைத்துதிக்கை லை-யை இளைஞர்களுக்குப் படிக்கவே தெரியாது. அதை நான் இழப்பாக நினைக்கவில்லை. அங்கே எது உபரி என்ற கேள்வியை எழுப்பியவர்கள் அந்த எழுத்தை எழுதுகிறவர்கள்; பதில் சொன்னவர்களும் அவர்களே; எதிர்த்துச் சண்டை போட்டவர்களும் அவர்களே. பத்திரிகையில் பத்தி பத்தியாகச் சண்டை நடந்தது. கார்னேயில் ச நீங்கியபோது சண்டை நடக்கவில்லை.

இனி, பலகைக்குள் இருக்கும் மென்பொருள். இதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் மெய்யான அரசியல் சாத்தியம் இருக்கிறது என்று நினைக்கிறேன், பளபளக்கும் அலுமினியப் பெட்டியில் இல்லை. க்யூஎம்கே என்ற நிரல், ஜிபிஎல் உரிமத்தில் வருவது. எந்த விசை என்ன செய்யவேண்டும் என்பதை ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதி, தொகுத்து, பலகைக்குள் ஏற்றிவிடலாம். மாற்றி விற்பவன் தன் மூலநிரலையும் தரவேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. தராத விற்பனையாளர்களின் பட்டியலை அந்தத் திட்டமே வெளியிட்டிருக்கிறது. பலகையைக் கட்டியவன் செர்ரியின் சுவிட்சை மாற்ற முடியாது, அச்சை மாற்ற முடியாது. இந்தக் கோப்பை மாற்ற முடியும்.

கோப்பைத் திறந்தபோது இன்னொன்று தெரிந்தது. விசைப்பலகை எழுத்தை அனுப்புவதே இல்லை. எண்ணை அனுப்புகிறது. யுஎஸ்பி தரநிர்ணயத்தில் ஒவ்வொரு விசைக்கும் ஓர் எண் உண்டு. ஆங்கில ஏ 4, இஜட் 29. ச இருக்கும் விசை 47, ஞ 48. 'ச' என்று சொல்ல என் பலகைக்கு வாயே கிடையாது. 47 என்கிறது, கணினி அதைக் கேட்டு ச என்று போடுகிறது. யூனிகோடு எழுத்தை நேரடியாக அனுப்ப க்யூஎம்கேயில் சில குறுக்குவழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒவ்வொரு தந்திரம், தமிழ் முழுவதையும் அதில் ஓட்டுவது ஆகாத காரியம். அதே பட்டியலில் 144 முதல் 152 வரை மொழிக்கான எண்கள் ஒன்பது இருக்கின்றன. 144 கொரிய எழுத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே மாற. அடுத்தது ஹஞ்சா. பிறகு ஜப்பானியருக்கு மூன்று. மீதி நான்கு ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இந்திய மொழி எதன் பெயரும் அதில் இல்லை. கொரியாவிலும் ஜப்பானிலும் விசைப்பலகை செய்தார்கள், ஆகவே எண் வாங்கினார்கள் என்று இதை விளக்கலாம். பேசுகிறவர் எண்ணிக்கை இங்கே செல்லாது. செய்கிறவன் கை செல்லும்.

கோப்பில் தமிழுக்கென்று தனி அடுக்கு ஒன்றை எழுதினேன். எழுதும்போது ஒரு கணக்கு வெளிப்பட்டது. கட்டைவிரல் விசைகளை விட்டுவிட்டால் கார்னேயில் 36 இடம். தமிழுக்கு வேண்டியது 31 எழுத்து, காற்புள்ளி, முற்றுப்புள்ளி. 33. இடது ஓரத்து மூன்று விசை தாவல், கட்டுப்பாடு, மாற்று ஆகியவற்றுக்கு. 36. சரியாகப் பொருந்துகிறது, ஓர் இடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வலது ஓர நெடுவரிசையில் மேலே ச, நடுவில் ய, கீழே ஞ. அங்கே இருந்த அழிக்கும் விசையும் எஸ்கேப்பும் கட்டைவிரல் பக்கம் இறங்கின. அவை எழுத்து இல்லை, இறங்கலாம். அதாவது 42 விசை தமிழுக்குப் போதாது என்று இத்தனை நாள் நான் நம்பியது தப்பு. போதும். இடம் பற்றாக்குறை இருந்ததில்லை; யாரை முதலில் உட்காரவைப்பது என்ற தீர்மானம்தான் இருந்தது. இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அசட்டுத்தனம்தான், சொல்லிவிடுகிறேன்.

தீராத பிரச்சினை ஒன்று இருக்கிறது. பலகை தமிழ் அடுக்கில் இருப்பதும், கணினி தமிழில் இருப்பதும் இரண்டு தனித்தனி நிலைகள். ஒன்றுக்கு மற்றது தெரியாது. ஒரே விசையில் இரண்டையும் மாற்றும்படி எழுதிவைத்திருக்கிறேன்: அழுத்தினால் பலகை அடுக்கை மாற்றிக்கொண்டு, கணினிக்கும் மொழி மாற்றும் சமிக்ஞையை அனுப்பும். கணினி சில சமயம் அதைத் தவறவிடும். அப்போது பலகை தமிழ் என்று நினைக்கும், கணினி ஆங்கிலம் என்று நினைக்கும், திரையில் அடைப்புக்குறியாகக் கொட்டும். கொரியனுக்கு 144 இருக்கிறது. எனக்கு இந்த ஒட்டுப்போட்ட ஏற்பாடு.

ரிப்பேர் கடை நண்பரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தட்டிப் பார்த்தார். எழுத்தே இல்லாத வெற்றுக் கீகேப்கள், அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"இப்ப ச எங்க தோழர்?"

இடத்தைக் காட்டினேன். அவர் பெயரின் முதல் எழுத்து அது. இரண்டு முறை தட்டியதில் 'ச்ச' என்று விழுந்தது. "ச்சேன்னு சொல்லுது" என்றார்.

கோப்பு 200 வரிக்குள்தான். கேட்கிற யாருக்கும் தருகிறேன். உரிமமும் அதைத்தான் சொல்கிறது. 36 விசையில் இதைச் செய்ய இன்னும் வழி தெரியவில்லை. அங்கே 30 இடம், மூன்று எழுத்து வெளியே நிற்கும். இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது எழுத்து வரும்படி செய்யலாம். ஞ-வுக்குச் சரிப்படும், ய-வுக்குச் சரிப்படாது, வாக்கியத்துக்குப் பத்துத் தடவை வரும். பழைய தட்டச்சுத் தளக்கோலத்தில் கை பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதைச் சிறிய பலகைக்குக் கொண்டுவர முடியுமா என்பதையும் நான் தொடவில்லை. அவர்களில் யாராவது முயன்று பார்த்தால் எழுதுங்கள்.